வலது கன்னத்து வெற்றிலை

என் அம்புகள் ஒரு நாளும் ஓரிடத்தில் விழுந்ததில்லை. முதல் அம்பு மஞ்சள் வட்டத்தின் ஓரம், அடுத்தது பலகைக்கு வெளியே, மூன்றாவதைப் புல்லுக்குள் தேட வேண்டும். என்னோடு அதே வாரம் வில்லெடுத்தவருக்கு மட்டும் எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. அவர் இந்த மலையிலேயே பிறந்த பெரக்கரை நாட்டுக்காரர், மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். நானோ கால்நடை மருந்தக வேலைக்காக மலைக்குக் கீழேயிருந்து மாற்றலாகி வந்தவன். ஆடி விழாப் போட்டிக்கு எங்கள் மைதானத்திலிருந்து புதியவர் ஒருவரைத்தான் அனுப்புவார்கள். அந்த ஒருவர் நானாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது.

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. எங்கள் வில்கள் இரண்டும் மைதானத்தை ஒட்டிய அவர் வீட்டில்தான் இருந்தன. நான் போன பிறகு என் நாணை முறுக்கிவிடுகிறாரோ? மனைவியின் நகப்பூச்சைக் கொண்டுபோய் நாணில் யாருக்கும் தெரியாமல் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி அசையவே இல்லை. அப்படியும் மனம் ஆறாமல் வில்லை என் வீட்டுக்கே தூக்கிவந்துவிட்டேன்.

"ஏனுங்க சார், எங்கூட்டுல வெச்சா எலியா கடிச்சுப்போடும்?" என்றார் அவர். கேட்டுவிட்டு, வழக்கம்போல வெற்றிலை மடித்து நீட்டினார். பயிற்சிக்கு முன் அவர் வெற்றிலை தராத நாள் கிடையாது. நீட்டிய வெற்றிலையை வேண்டாம் என்றால் மனஸ்தாபம் ஆகிவிடும். வாங்கி வலது கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். அன்றும் அம்புகள் தறிகெட்டுத்தான் போயின.

"நாணு ஒவ்வொருக்காவும் வாயோரத்துல ஒரே எடத்துல வந்து படோணுமுங்க," என்று பயிற்சியாளர் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே இடத்துக்குத்தானே இழுக்கிறேன்? இந்த ஆளும் அவருக்கு உடந்தையோ என்று பயிற்சியாளர் மேலும் ஒரு கண் வைத்தேன்.

ஒரு நாள் சுண்ணாம்பு கூடிப்போய் என் வாய் வெந்துவிட்டது. புண்ணைக் காட்டி வெற்றிலை வேண்டாம் என்றேன். அன்று என் அம்புகள் மூன்றும் உள்ளங்கை அகலத்துக்குள் நின்றன. மறுநாளும் அப்படியே. சந்தோஷத்தில் கன்னத்தைத் தடவிக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. நாண் வந்து படும் இடத்தில் இத்தனை நாளும் ஒரு வெற்றிலை உருண்டை புடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. மெல்ல மெல்ல அது சிறுத்து வேறு போகும். அப்புறம் ஒரே இடம் எங்கிருந்து கிடைக்கும்?

திரும்பி அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் போல வலது கையால் இழுப்பவர்தான். அவருடைய உருண்டை இடது கன்னத்தில் இருந்தது. எப்போதுமே இடதுதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தெரிந்தே கொடுத்தாரா, வெறும் பழக்கமா?

ஆளைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று காலையில் அவரே கிட்டே வந்தார். "புண்ணு ஆறீருச்சுங்களா சார்? போடுங்க."

"ஆறீருச்சுங்க," என்று வாங்கி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இடது கன்னத்தில் அடக்கினேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "இன்னைக்கு அந்தப் பக்கமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டிக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். இப்போதும் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் எய்கிறோம். அன்றைக்குப் பிறகு அவர் எனக்கு வெற்றிலை நீட்டியதே இல்லை.