பாயல் தின்னும் பூச்சி

சித்தூர் பக்கம் எங்கள் வயலுக்கும் மாட்டுக்கும் ஒரே குளம்தான். ஆப்பிரிக்கன் பாயல் என்று இங்கே சொல்கிற மிதக்கும் களை அதை மூடி, தண்ணீரே கண்ணுக்குத் தெரியாமல் போனது. வாரிப் போட்டால் மறுபடி வந்து நிற்கும். மோட்டார் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அந்த வருஷம் இரண்டாம் போகம் நடவே இல்லை.

என் வீட்டுக்காரர் களைக்கொல்லி வாங்கி வந்துவிட்டார். மாடு குடிக்கிற தண்ணீரில் மருந்தா என்று நான் குறுக்கே நின்றேன். என் தங்கை வீட்டுக் குளத்தில் இதே பாயலை ஒரு பூச்சி தின்று தீர்த்திருந்தது. எள்ளுக்குக் கால் முளைத்தது போல் இருக்கும், நெல்லைத் தொடாது. அதைக் கொண்டுவந்து விடலாம் என்றேன்.

"அடுத்த வருஷம் ரெண்டாம் போகம் வரைக்கும் பாக்கறேன். அப்பவும் கெடந்துச்சுன்னா மருந்துதான்," என்றார்.

பூச்சி பாயலுக்குள்ளேயே இருப்பதால், தங்கை குளத்தில் மிஞ்சிய பாயலோடு சாக்கில் கட்டிக் கொண்டுவந்து குளத்தில் கொட்டினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துவிட்டு, "ஏனுங்க அக்கா, கொல்லன் தெருவுலயே ஊசி விக்கறீங்களா?" என்றார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டேன்.

மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. மழை முடிந்து, பூச்சி தின்ற ஓர் ஓரம் பழுப்பானது. நான் ஊரில் இல்லாத நாள் பார்த்து, வீட்டுக்காரர் அந்தப் பழுத்ததை மட்டும் சுத்தமாக வாரிக் கரையில் காயப் போட்டுவிட்டார். நோயில் பழுத்த பயிரைக் கண்டால் பிடுங்கி எறிந்தே பழகிய கை. பூச்சியெல்லாம் அதற்குள்தான். வந்த கோபத்தில் கூடையில் அள்ளி அள்ளித் திரும்பக் குளத்திலேயே கொட்டினேன். அவரும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

பிறகு பழுப்பு பரவியது. பாயல் அழுகி அமிழ்ந்தது. அடுத்த இரண்டாம் போகத்துக்கு நாற்று விடும் முன்பே தண்ணீர் தெரிந்தது. மோட்டார் தடையில்லாமல் ஓடிய அன்று, வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் பாய்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மிச்சப் பாயலைப் பூச்சியோடு பழைய மாட்டுத் தொட்டியில் விட்டு வைத்திருக்கிறோம். களை திரும்ப வந்தால் பூச்சி வேண்டுமே. கிண்டல் செய்த தோட்டத்துக்காரரும் இப்போது தன் குளத்துக்குக் கேட்டிருக்கிறார். நேற்றுக் காலை வீட்டுக்காரர் தொட்டியோரம் குந்தியிருந்தார். முகத்தில் கவலை.

"ஏம்புள்ள, பாயலு வாடுதே. பூச்சி பட்டினி கெடக்குமே. கொஞ்சம் சாணி கரைச்சு ஊத்தட்டுமா?"

அவர் வாங்கிய களைக்கொல்லி பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. நான் சாணி எடுக்கப் போனேன்.