அறுக்காமல் பாஸான பீஸ்

சேரப்பணஞ்சேரி தணிகாசலத்துக்கு ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் பிரேக் குழாய்களைச் சோதிக்கும் வேலை. ஒவ்வொரு ஷிப்டிலும் முதலில் வரும் குழாயை நீளவாக்கில் அறுத்து, உள்ளே பார்த்த பிறகுதான் லைனை ஓடவிடுவார். மேல் பளபளப்பைக் காட்டி அவரை ஏமாற்ற முடியாது. அப்பேர்ப்பட்டவர், தன் நெஞ்சு வலித்தபோது மட்டும் வாயு என்று முடிவு கட்டி, பெருங்காயத் தண்ணீராகக் குடித்துத் தள்ளினார்.

கடைசியில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பை விரித்துப் பிடித்துக்கொள்ளும் கம்பி வலை அது. வருஷம் திரும்புவதற்குள் அதுவும் அடைத்துக்கொண்டது. இன்னொரு ஸ்டென்ட் வைக்கலாம், இந்த முறையும் சரியாக அமையாவிட்டால் நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன் என்று சென்னை டாக்டர் ஏசுவடியான் சொன்னதிலிருந்து தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை.

எக்ஸ்ரே படத்தில் குழாயின் நிழல்தான் தெரியும், அதனால் இந்த முறை உள்ளேயே பார்க்கப் போகிறோம் என்றார் டாக்டர். யாருக்குமே அது நல்லது. இவரைப் போல் சர்க்கரை இருந்து குழாய்ச் சுவர் சுண்ணாம்பாய் இறுகியவர்களுக்கு மிகவும் அவசியம். தணிகாசலத்தின் காதில் விழுந்தது 'உள்ளே பார்ப்பது' மட்டும்தான். அவருக்குத் தெரிந்து உள்ளே பார்க்க ஒரே வழிதான் உண்டு. அப்படி அறுத்துப் பார்த்த குழாய் கழிவைப் போடும் சிவப்புத் தொட்டிக்குப் போகும், எந்த வண்டியிலும் ஏறாது.

"வேணாம் சார், வெளியிலேர்ந்து பாத்தே பாஸ் பண்ணிடுங்க" என்றார்.

லைனில் எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி கனகத்துக்குப் புரிந்தது. தினமும் சோற்றோடு குழாய்க் கதையும் கேட்டவள். அவள் விளக்கியதும் டாக்டர் சிரித்துவிட்டு, நூல் போன்ற ஒரு கம்பியைக் காட்டினார். அதன் முனை ஒலியை அனுப்பி உள்ளிருந்தே படம் எடுக்குமாம், எதையும் அறுக்காதாம். தைரியத்தால் அல்ல, வெட்கத்தால்தான் தணிகாசலம் சம்மதித்தார்.

புது ஸ்டென்ட் வைத்ததும் எக்ஸ்ரே படம் பிரமாதமாக இருந்தது. மேஜையில் விழித்துக் கிடந்த தணிகாசலம் மனசுக்குள் 'ஓகே' முத்திரையே குத்திவிட்டார். கம்பி உள்ளே போய் எடுத்த படத்தில், ஓரிடத்தில் வலை பாதிதான் விரிந்திருந்தது. டாக்டர் பலமான பலூனை விட்டு அழுத்தினார். தணிகாசலத்துக்கு நெஞ்சு இறுகியது. அந்த ஒரு நிமிஷம் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. மறுபடி பார்த்தபோது வலை சுவரோடு ஒட்டி, வட்டமாக உட்கார்ந்திருந்தது.

வெளியே கொண்டுவந்ததும் பாஸாகிவிட்டதாகக் கனகத்திடம் பெருமையடித்தார். அவள் சிரிக்கவில்லை.

"பைப்பு உள்ளதான் நீ பாத்துகினு இருந்த. ராவெல்லாம் உனக்கு மூச்சு வருதானு நான்தான்யா பாத்துகினு இருந்தேன்" என்று சொல்லி அழுதாள்.

இப்போதும் கேன்டீனில் சிவப்புத் தொட்டிக் கதையை அவரே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். கனகம் சொன்னதை மட்டும் சொல்வதில்லை. சொன்னால் அழுதுவிடுவோம் என்று அவருக்குத் தெரியும்.