மாமியாளுக்குச் சாக்கு கட்டிய கதை

அனந்தபுரம் போகிற ரோட்டில் உள்ள அரிசி மில்லில் பாய்லருக்கு உமி தள்ளியவள் நான். நெல் அவிக்க ஆவி வேண்டும், ஆவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்கு நான் வேண்டும். இதில் முதலாளி எங்கே வருகிறார் என்று கேட்டால், மத்தியானம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருவார்.

பாய்லர் தலைமேல் ஒரு வால்வு இருக்கும். அதற்குள் ஸ்பிரிங். ஆவி அளவுக்கு மிஞ்சினால் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து வீறிடும். சேப்டி வால்வு என்பார்கள். நாங்கள் அதற்கு வைத்த பெயர் மாமியா. கொஞ்சம் சூடு ஏறினால் ஊரையே கூட்டும் என்பதால் அந்தப் பெயர். என் மாமியாரைப் பார்த்தவர்கள் அந்த வால்வை ரொம்பப் பொறுமைசாலி என்றுதான் சொல்வார்கள்.

பாய்லர் சுவருக்கு அந்தப் பக்கம் களம். ஆறு பெண்கள் அங்கே நெல் காயவைப்பார்கள். பாய்லர் வெடித்தால் முதலில் போவது நான், அடுத்து அவர்கள். மாமியா கத்தினால்தான் எங்களுக்கு நிம்மதி.

அந்த மார்கழியில் மில்லுக்கு எதிரே இருக்கும் கோட்டை மலையே தெரியாத அளவுக்குப் பனி. ஆவிக் குழாய்களைச் சுற்றிச் சாக்கு கட்டினால் சூடு வீணாகாது, உமி மிச்சமாகும் என்று எங்கள் மில் மேஸ்திரிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். சும்மா இருப்பாரா? எல்லாக் குழாய்க்கும் கட்டினார். கை ஓயவில்லை. வால்வுக்கும் உச்சி வரை கட்டிவிட்டார்.

"இன்னா மேஸ்திரி, மாமியாளுக்கு சொட்டரா?"

"பனி ஆவாது இல்ல யக்கா. சளி புடிச்சிக்கும்."

களத்துப் பெண்கள் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் மாமியா நேரங்கெட்ட நேரத்தில் கத்த ஆரம்பித்தாள். ஆவியின் அளவு காட்டும் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தொடுவதற்கு நாலு விரல் இருக்கும்போதே புஸ்ஸென்று ஆவியை விட்டாள். நெல் அவிக்கும் தொட்டி அவியாத நெல்லோடு நின்றது. முதலாளி மத்தியானத் தூக்கத்தை விட்டு வந்தார்.

"ஸ்பிரிங்கு லொடலொடன்னு ஆயிப்போச்சி மொதலாளி. ஒரு திருகு திருகுனா சரியாப்பூடும்" என்றார் மேஸ்திரி. வால்வுத் தலையில் ஈயத்தால் ஒரு முத்திரை இருந்தது. யாரும் தொடக்கூடாது என்பதற்குத்தான் அது. அதை உடைத்துத் திருகினார். அன்று முதல் முள் கோட்டைத் தொட்ட பிறகுதான் மாமியா கத்தினாள். மேஸ்திரி நடையே மாறிவிட்டது. பாய்லரைத் தானே பெற்ற மாதிரி நடந்தார்.

இனி நான் செய்ததையும் சொல்லவேண்டும். தை அமாவாசைக்கு மேஸ்திரி மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். முந்தின நாள் தூறலில் நனைந்து, வால்வில் கட்டிய சாக்கு செத்த எலி மாதிரி நாறியது. அவிழ்த்து எறிந்தேன். யாரையும் கேட்கவில்லை. என் பாய்லருக்கு நான் யாரைக் கேட்பது?

காலை பத்து மணி இருக்கும். முள் கோட்டைத் தொட்டது. மாமியா கத்தவில்லை. முள் கோட்டைத் தாண்டியது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும். முள் படிக்க நேரமாகாது.

"ஏய், எல்லாரும் ரோட்டுக்கு ஓடுங்கடி!"

"இன்னா யக்கா, டீயா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"டீ இல்லடி, பாலு! மூணாம் நாளு ஊத்துவாங்க, ஓடு!"

ஓடினார்கள். நான் நெருப்பை ஊதுகிற மோட்டாரை அணைத்தேன். உமியை நிறுத்தினேன். நெருப்பைக் கம்பியால் இழுத்துக் கீழே கொட்டினேன். தொட்டிக்கு ஆவி போகும் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். அங்காளம்மனைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. அமாவாசைக் கூட்டத்தில் அவளுக்கு எங்கே காது கேட்கும் என்று விட்டுவிட்டேன். முள் இறங்குவதற்குள் என் புடவை நனைந்திருந்தது. வேர்வைதான் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன்.

தொட்டி நெல் முழுக்கக் குழைந்து கஞ்சியாகிவிட்டது. முதலாளி அதைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். ஆறு பேரும் முழுசாக நிற்பதை அப்புறம்தான் பார்த்தார்.

மறுநாள் விழுப்புரத்திலிருந்து வால்வு மெக்கானிக் வந்தார். வாயில் வெற்றிலையோடு நிதானமாகக் கேட்டார்.

"சாக்கு கட்டுன மகராசன் யாரு?"

மேஸ்திரி நெற்றியில் குங்குமத்தோடு தரையைப் பார்த்தார்.

"சூடு ஏறுனா ஸ்பிரிங்கு தளந்துடும், முன்னாடியே தூக்கிக்கும். அது காத்தாட இருக்கணும். நீ மூடி வேகவெச்சிட்ட. தளந்த ஸ்பிரிங்குக்குத் தோதாத் திருகிட்ட. சாக்க எடுத்ததும் ஸ்பிரிங்கு ஆறி வெறச்சிப் போச்சி. அப்புறம் எப்பிடித் தூக்கும்?"

"சாக்க எடுத்தது அந்தக்கா" என்று மேஸ்திரி என்னைக் காட்டினார்.

"ஆமா, நான்தான். நீ கட்டுன கோமணம் நாறுச்சி, எடுத்தேன்" என்றேன். முதலாளிகூடச் சிரித்துவிட்டார்.

மெக்கானிக் வால்வைக் கழற்றிக் கொண்டுபோய், சோதித்து, புது முத்திரை வைத்து, நாலாம் நாள் மாட்டினார். நான் நெருப்பு மூட்டினேன். பெண்கள் களத்துக்குள் கால் வைக்கவில்லை. ரோட்டு ஓரம் புளியமரத்தடியில் ஆறு பேரும் உட்கார்ந்துகொண்டார்கள். நெல் ஈரத்தோடு கிடந்தது.

"எம்மா, மணியாவுது, நெல்லு பரப்புங்க" என்று முதலாளி கெஞ்சினார்.

"மாமியா மொதல்ல கத்தட்டும் மொதலாளி" என்றாள் டீ கேட்டவள்.

நான் உமியை அள்ளி அள்ளிப் போட்டேன். முள் கோட்டைத் தொட்டது. மாமியா போட்ட கூச்சலில் கூரைப் புறாவெல்லாம் பறந்தது. ஆறு பேரும் அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே துடைப்பத்தோடு களத்தில் இறங்கினார்கள்.