செங்கல்லைச் சுற்றிய பீரியட்

திருமுல்லைவாயில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வாட்ச்மேன். ஐந்தாவது வரை படித்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன்.

பள்ளியில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று ஓடாது. அதனால் கம்ப்யூட்டர் மிஸ் ஏழாம் வகுப்பை மைதானத்துக்குக் கூட்டி வந்துவிடுவார். பிள்ளைகளே ஒரு விளையாட்டை உண்டாக்கி, என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகத் தாளில் எழுத வேண்டும். ஒருவர் மெஷின் மாதிரி அதை அப்படியே செய்ய வேண்டும். அந்த ஒருவர் நான்.

“ஏம்மா, நான் எதுக்கு?” என்று கேட்டேன்.

“டீச்சருங்கள வெச்சா சொந்தமா யோசிச்சிடறாங்கண்ணா,” என்றார் மிஸ்.

சரி என்றேன்.

ஒருநாள் அதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று அவர் சொல்லிவிட்டால், பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஹெட்மாஸ்டர் சொல்லியிருந்தார். மிஸ் காலையிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

பிள்ளைகள் சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டார்கள். விளையாட்டில் நான் அண்ணனூர் ஸ்டேஷனில் இறங்கிப் பள்ளிக்கு வந்து சேர வேண்டும். வழியில் ஒரு பிள்ளையார் கோயில். பிள்ளையாருக்கு ஒரு செங்கல். தாளை எழுதியது ரெட்டைச்சடை போட்ட பெண்.

செருப்பைக் கழற்று என்றிருந்தது. கழற்றினேன். சாமியைச் சுற்று என்றிருந்தது. சுற்றினேன். எத்தனை சுற்று என்று எழுதவில்லை. மூன்று என்று ஊருக்கே தெரியும். மெஷினுக்குத் தெரியாது. மெஷின் தானாக நிற்காது என்று மிஸ் முதல் நாளே சொல்லியிருந்தார். சுற்றிக்கொண்டே இருந்தேன்.

“போதும்ணே,” என்றான் ஒருவன். தாளில் அது இல்லை.

“தலை சுத்தலியாண்ணே?” பதில் சொல் என்றும் இல்லை.

“டேய், அண்ணன் ஹேங் ஆயிட்டாருடா.”

சத்துணவு சமைக்கும் அம்மா எட்டிப் பார்த்தார். “இன்னா அண்ணாத்தே, புதுசா சாமி வெச்சிகீறீங்க, ஒரு வார்த்த சொல்லல?”

நான் வாய் திறக்கவில்லை.

“மௌன விரதமா? சரி சரி.”

உள்ளே போய் சாம்பாருக்கு வைத்திருந்த மஞ்சளைக் கொண்டுவந்து செங்கல்லுக்குப் பூசினார். என் பின்னால் அவரும் சுற்ற ஆரம்பித்தார்.

அந்த நேரம் அதிகாரி வந்தார். கூடவே ஹெட்மாஸ்டர். மஞ்சள் செங்கல்லைப் பார்த்தார், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். வரிசையில் என் பின்னால் சேர்ந்துகொண்டார். ஹெட்மாஸ்டர் என்ன செய்வார், அவரும் வந்தார். வெயிலில் தரை சுட்டது.

மிஸ் முகத்தில் ஈயாடவில்லை. “எங்க தப்புன்னு பாரு,” என்றார் அந்தப் பெண்ணிடம், மெதுவாக.

அவள் கூடவே ஓடிவந்து, என் கையிலிருந்த தாளில் ‘மூன்று சுற்று ஆனதும் நில்’ என்று எழுதினாள். வாசித்தேன். எனக்கு அது முப்பத்தோராவது சுற்று. மூன்று எப்போதோ போய்விட்டது, இனி வராது. நடந்தேன்.

“அவுருதான் மூணத் தாண்டிட்டாரே, லூசு,” என்றாள் அவள் தோழி. “மூணோ, அதுக்கு மேலயோன்னு எழுது.”

எழுதினாள். நின்றேன்.

பின்னால் வந்த அதிகாரி என் மேல் இடித்துக்கொண்டார். தாளை வாங்கிப் படித்தார். அவர் இரண்டுதான் சுற்றியிருந்தார் போல. இன்னொன்று சுற்றிவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“இவ்வளவு நேரம் இதையா செஞ்சிட்டிருந்தீங்க? நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“தாள்ல இல்ல சார்,” என்றாள் ரெட்டைச்சடை.

அதிகாரி தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு படியில் உட்கார்ந்து, சாக்ஸை மாட்டிக்கொண்டே ஹெட்மாஸ்டரிடம் சொன்னார்: “கணக்குக்கு வேற பீரியட் பாருங்க சார். இது இந்தம்மாகிட்டயே இருக்கட்டும்.”

மிஸ் தண்ணீர் பாட்டிலை மூடினார். பிள்ளைகள் கத்திக்கொண்டு வகுப்புக்கு ஓடினார்கள்.

தாளில் எனக்கு இன்னும் நாலு வரி பாக்கி இருந்தது. அதையும் செய்து பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தேன்.