உறையக்கா

துவைத்த உறையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, இரண்டு கைகளையும் முழங்கை வரை அதற்குள் விட்டு, உறையோடு சேர்த்துத் தலையணையின் மூலைகளைப் பிடித்து ஓர் உதறு உதறுகிறார். உறை வழுக்கிக்கொண்டு தலையணைமேல் இறங்கிவிடுகிறது. பிறகு அடுத்த கட்டில். அந்த ஓர் உதறலில்தான் அவர் உடம்பில் சுறுசுறுப்பைப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் கால்களை இழுத்துக்கொண்டுதான் நடப்பார்.

பெண்கள் வார்டில் படுக்கைத் துணி மாற்றுவது அவர் வேலை. பெரிய டாக்டர் உட்பட எல்லாருக்கும் அவர் உறையக்கா. ஏனென்றால், ஒன்றை மூடுவது எதுவாக இருந்தாலும் அவருக்கு அது உறைதான். நர்ஸுகளின் கிளவுஸ், என் மூக்குக்கண்ணாடியின் டப்பா, ஊசிக்கு மேலே வரும் பிளாஸ்டிக், செல்போனின் ரப்பர் சட்டை எல்லாம் உறை. மழைக்கோட்டோடு உள்ளே வந்த ஒரு டாக்டரிடம், "உறைய வெளியிலயே கழட்டிட்டு வாங்க சார், தரையெல்லாம் தண்ணி" என்று சொன்னதாக வார்டில் ஒரு கதை உண்டு. கேட்டால் மறுப்பதில்லை.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு கத்துக்கிட்டு உக்காந்தா வேலைய யாரும்மா பாக்குறது?"

அழுக்கு உறையை அவர் உடனே மூட்டையில் போடுவதில்லை. கையை விட்டு மூலை மூலையாகத் துழாவுவார். "இங்க படுத்திருக்கிற எல்லாருக்கும் தலகாணி உறைதான் பீரோ" என்பார். மோதிரம், பல்செட், பேரனின் போட்டோ, பாதி கடித்த பிஸ்கட் எல்லாம் அகப்பட்டிருக்கின்றன. இடுப்பெலும்பு முறிந்து ஏழாம் கட்டிலில் கிடந்த என் மாமியார், விழுங்காத மாத்திரைகளை அங்கேதான் சேமித்து வந்தார். உறையக்கா ஒரு பிடி மாத்திரையை என் உள்ளங்கையில் கொட்டிவிட்டு, "ஏன் பெரியம்மா, தலகாணிக்கா உடம்பு சரியில்ல?" என்றார். அன்று முழுக்க மாமியார் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உறையக்காவிடம் மட்டும் பேசினார்.

எட்டாம் கட்டிலுக்கு மட்டும் உறையக்கா போவதில்லை. அங்கே வந்ததும் துணியை இன்னொரு ஆயாவிடம் நீட்டிவிட்டு ஒன்பதாவதற்குத் தாண்டிவிடுவார். அந்தக் கட்டிலில் துணைக்கு ஆளில்லாத ஓர் அம்மா, எப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருப்பார். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"அவ எங்கக்கா" என்றார் உறையக்கா. மாமியாரின் போர்வையை மடித்தபடியே சொன்னார். "எங்கம்மா படுத்த படுக்கையா கிடந்தாங்க. பகல்ல இங்க துணி, ராத்திரி வீட்ல துணி, எல்லாம் நான் ஒருத்திதான். இவ பழம் வாங்கிட்டு வருவா, அரைமணி நேரம் பக்கத்துல உக்காந்து அழுவா, போயிருவா. எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழப் பாத்தா. கைய தட்டிவிட்டேன். அதோட சரி."

கோபப்படக்கூடத் தெம்பில்லாத குரல். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. என் நாத்தனாரும் பழம் வாங்கிக்கொண்டுதான் வருகிறார்.

எட்டாம் கட்டில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி. மறுநாள் காலை ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னது எங்கள் கட்டில் வரை கேட்டது. உறையக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அன்று ஒன்பதாம் கட்டிலின் தலையணை உறையை இரண்டு முறை மாற்றினார்.

காலையில் ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. நகைகளைக் கழற்றச் சொன்னாள் நர்ஸ். காதில் கிடந்த தோடுகள்தான் நகை. ஒன்று வந்துவிட்டது. மற்றதன் திருகாணி இம்மியும் அசையவில்லை.

"கூட யாருமே இல்லையாம்மா? இதையெல்லாம் கழட்டி யார்கிட்ட குடுக்கிறது?"

"தங்கச்சி இருக்கா" என்றார் அக்கா, சுவரைப் பார்த்தபடி. "இங்கதான் வேலை பாக்குறா. கூப்பிட்டா வரமாட்டா."

உறையக்கா பத்தாம் கட்டிலருகே நின்றிருந்தார். பாதி உறை ஏறிய தலையணையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"நீ கூப்பிட்டியா?" என்றார். "கூப்பிட்டாத்தானே வருவேனா மாட்டேனான்னு தெரியும்?"

 அக்காவின் கண்ணீர் மூக்கின் மேல் குறுக்காக ஓடி அந்தப் பக்கம் இறங்கியது. உறையக்கா சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு, அக்காவின் தலையைத் தூக்கித் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, காதுக்குப் பின்னால் திருகாணியை மெல்ல மெல்லத் திருகினார். வெகுநேரம் பிடித்தது. நர்ஸ் அவசரப்படுத்தவில்லை. ஒருவழியாகக் கழன்று வந்தது.

"நேரமாச்சுக்கா" என்றான் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன்.

உறையக்கா தோடுகளை ஒரு கையால் இடுப்பில் செருகிக்கொண்டார். மற்ற கை அக்காவின் தலையை விடவில்லை.