மாமாவின் ரீலில் விழுந்த சிக்கு

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மெட்ராஸில் ஒரு துரை வீட்டில் வேலைக்கு இருந்தார். துரை தன் நாட்டுக்கே திரும்பிப் போகிறபோது, சுவர்க் கடிகாரம் வேண்டுமா, மீன் பிடிக்கிற கோல் வேண்டுமா, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள் என்றாராம். மாமா கோலை எடுத்துக்கொண்டார். வேலையும் போய், அந்தக் கோலும் ஒரு தகரப் பெட்டியுமாக அவர் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றபோது எனக்கு எட்டு வயது இருக்கும்.

படுத்திருந்த அம்மா தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். "கடியாரத்த வுட்டுட்டு கொம்பத் தூக்கினு வந்தியேடா. உன்ன இன்னான்னு சொல்றது?" என்றாள். அந்த நாட்களில் அம்மா அவ்வளவு பேசியதே பெரிது.

எனக்கு ஒரு தம்பி பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டான். அதிலிருந்து அம்மா எழவில்லை. அப்பா தறியில் உட்கார்ந்தால் அம்மாதான் ராட்டினத்தில் பட்டு இழை சுற்றிக் கொடுப்பாள். நெஞ்சில் பலமில்லை, சுற்ற வேண்டாம் என்று அப்பா ராட்டினத்தைப் பரண்மேல் போட்டுவிட்டார். அப்பா நல்லதுக்குத்தான் செய்தார். ஆனால் கைக்கு வேலை இல்லாமல் போனதும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கஞ்சி கொண்டுபோனால், "அப்புறம்" என்பாள். அந்த அப்புறம் வராது.

மாமா தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். விதவிதமான தூண்டில் முள், ஈயக் குண்டுகள், சாயம் பூசிய மர மீன்கள். கோலில் மாட்டுகிற ரீல் பளபளவென்று இருந்தது. நடுவில் நூல் சுற்றிய ஓர் உருளை, பக்கத்தில் கைப்பிடி. பார்க்கச் சின்ன ராட்டினம் மாதிரியே இருந்தது. துரை வீசுவதை மாமா பார்த்திருக்கிறாரே தவிர, தானாக ஒரு நாளும் வீசியதில்லை.

மறுநாள் சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு வேகவதி ஆற்றைத் தாண்டி ஏரிக்குப் போனார். கோலைப் பின்னால் சாய்த்து ஒரே வீச்சு. குண்டு தண்ணீரில் விழுந்து நின்றுவிட்டது. உருளை நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. கண்மூடித் திறப்பதற்குள் நூல் பொங்கி, குருவிக்கூடு மாதிரி ரீலை அடைத்துக்கொண்டது. எங்கே இழுத்தாலும் இன்னும் இறுகியது.

வீட்டுக்கு வந்து மாமா அதை அம்மாவின் பாயருகே வைத்தார். அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"இழுக்காதடா, இழுக்காத! சிக்க இழுத்தா வருமா? இங்க குடு."

என்னைத் தாங்கச் சொல்லி எழுந்து உட்கார்ந்தாள். விரலால் நூலைத் தளர்த்தித் தளர்த்தி, எந்த இழை எதன் கீழே போகிறது என்று பார்த்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முழுவதையும் எடுத்துவிட்டாள். எடுத்து முடித்து, "பாப்பா, கஞ்சி இருக்குதா?" என்று கேட்டாள். தறியில் அப்பாவின் கை நின்றது. அடுப்படிக்கு ஓடியது நான்தான். ஆனால் எனக்கு முன்னால் மாமா போய்க் கிண்ணத்தை எடுத்தார்.

நாலு நாளில் மாமாவுக்கு ரீல் பிடிபட்டுவிட்டது. குண்டு பறக்கும்போது கட்டைவிரலை உருளைமேல் லேசாக வைத்திருக்க வேண்டும். விழப்போகிற சமயத்தில் அழுத்திவிட வேண்டும். குண்டு இலேசானால் தூரம் போகாது, கனமானால் இரையாக மாட்டுகிற தவளை செத்துவிடும். இரண்டுக்கும் நடுவாக ஒன்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து எடுப்பார். தவளைக் குஞ்சை உயிரோடு முள்ளில் மாட்டி, கோரைப் புல்லை ஒட்டி, நினைத்த இடத்தில் போடுவார். விரால் பாய்ந்து கவ்வும். நான் குதிப்பேன்.

ஆனால் பிடித்த விராலை மாமா வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. ஏரிக்கரையில் துணி துவைக்கிறவர்களிடம் கொடுத்துவிடுவார். திரும்பும் வழியில் ஒரு புளியமரத்தடியில் உட்காருவார். முள்ளைக் கழற்றிவிட்டு, உருளையைச் சும்மா வேகமாகச் சுழற்றிவிடுவார். நூல் பொங்கிச் சிக்காகும். போதாதென்று விரலை விட்டு நாலு கலக்குக் கலக்குவார்.

"ஏன் மாமா?"

"அக்காகிட்ட சொல்லாத, இன்னா?"

தெருவில் எல்லாருக்கும் மாமா வேடிக்கையாகிவிட்டார். எதிர்வீட்டு அத்தை வாசலில் நின்று, "இன்னாப்பா, மீனு புடிக்கப் போனியா, பட்டம் வுடப் போனியா?" என்பாள். மாமா, "துரை வூட்டு மீனுதான் அத்த மாட்டுது, நம்மூரு மீனு மாட்ட மாட்டேன்னுது" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, சிக்கை அம்மாவிடம் கொடுப்பார்.

அப்பாகூட ஒருநாள் பொறுக்க முடியாமல், "பாவு மாதிரிதானே மச்சான், கஞ்சி போட்டா இழை அடங்கும்" என்று சொல்லி, தறியில் ஏற்றுகிற பட்டுப் பாவுக்குப் போடுவதுபோலவே நூல் முழுவதையும் வாசலில் கட்டிக் கஞ்சி தடவிக் காயவைத்தார். அன்றைக்கு ஏரியில் நூல் நனைந்ததும் கஞ்சி கரைந்து, பொடி மீனெல்லாம் அதை மொய்த்தன. மிச்ச நூல் உருளையிலேயே ஒட்டிச் சிக்கிக்கொண்டது. அன்றைக்குச் சிக்காக்குகிற வேலையே மாமாவுக்கு இல்லை. அதைக் கேட்டு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. அப்பா முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

மழைக்காலம் வந்தது. அம்மாவின் விரல்கள் மெதுவாகிவிட்டன. முன்பு விளக்கு வைக்கும்முன் எடுத்த சிக்கு மறுநாளும் பாய்மேல் கிடந்தது. அதற்குத் தக்கபடி மாமாவும் சிக்கைச் சிறியதாக்கினார். புளியமரத்தடியில் அரைச் சுற்று சுழற்றி, பார்த்து, போதும் என்று நிறுத்திவிடுவார்.

அப்படி ஒரு நாள் நூலை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டாள்:

"பாப்பா, மாமா ஏரியில ஒழுங்கா வீசறானா?"

எனக்கு மாமாவை யாரும் குறைவாகச் சொன்னால் ஆகாது. "ஜோரா வீசறாரும்மா. வெரால் வெராலா புடிக்கறாரு. வர்ற வழியிலதான் நூல சிக்காக்கறாரு" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா குனிந்து, எடுத்துக்கொண்டிருந்த முடிச்சையே மறுபடியும் எடுக்க ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லாத, இன்னா?"

இரண்டு பேரும் என்னிடம் ஒன்றையே சொன்னார்கள். ஏதோ விளையாட்டு, அதில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. அன்று ராத்திரி அம்மா இரண்டு வாய் கஞ்சி அதிகமாகவே குடித்தாள். மாமா பார்க்கும்படியாகக் குடித்தாள்.

மார்கழியில் அம்மா போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மாமா கோலை எடுத்துக்கொண்டு தனியாக ஏரிக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்து, உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார். ரீலில் நூல் பொங்கி, முதல் நாளைப் போலவே பெரிய சிக்காக இருந்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். "இன்னிக்கி எதுக்கு மாமா சிக்காக்கினு வந்தீங்க? அதான் அம்மா இல்லியே" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். கையிலிருந்த ரீலைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்து, அப்பா தறியை விட்டு எழுந்து வரும் அளவுக்குச் சத்தம்போட்டு அழுதார்.

கேட்கக்கூடாத எதையோ கேட்டுவிட்டேன் என்று நான் தறியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அன்றைக்கு மாமா அதை வேண்டுமென்று செய்யவில்லை, குண்டு தண்ணீரில் விழுந்த பிறகும் விரலை வைக்க மறந்து வெறுமனே நின்றிருக்கிறார் என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?