கறுப்பி மறுபடி அசைபோட்டது

வலையபட்டியில் சிட்டாள் நாலு பால் ஆடுகள் வளர்த்தாள். 1927-ல் அந்தப் பால் முழுவதும் ஒரே வீட்டுக்குத்தான் போயிற்று. அந்த வீட்டுச் செட்டியார் ரங்கூனில் தொழில் பார்க்க, அவர் மனைவி உமையாள் ஆச்சி ஏழு மாதப் பெண் குழந்தையோடு ஊரில் இருந்தார். தாய்ப்பால் வற்றிவிட்டது. பசும்பால் கொடுத்தால் குழந்தை கக்கியது. ஆட்டுப்பாலைக் காய்ச்சிக் கொடுத்த பிறகுதான் வயிற்றில் தங்கியது.

ஆடுகளின் வயிறு சிட்டாளுக்கு அத்துபடி. விடிந்ததும் ஒவ்வொன்றின் இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்துவாள். வயிறு மெதுவாகப் புரண்டு கையைத் தள்ள வேண்டும். தள்ளினால்தான் கறப்பாள். பிழுக்கை மணிமணியாக உதிர்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பாள். தெருவில் சிலர் சிரித்தார்கள். அவள் சட்டை செய்ததில்லை.

குழந்தை வளர வளரப் பால் போதவில்லை. மாசி மாதம்; புல்லும் காய்ந்துவிட்டது. ஆடுகளுக்குக் காய்ச்சி வைக்கும்படி ஆச்சி ஒரு மூட்டை நொய்யரிசி அனுப்பினார். சிட்டாள் அதை ஓரமாக வைத்துவிட்டு, கருவேல நெற்று பொறுக்கக் கண்மாய்ப் பக்கம் போனாள். அவள் கணவன் சோணை, ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று அண்டா நிறைய நொய்யைப் பொங்கி, ஆறவைத்துத் தொட்டியில் கொட்டினான். மூன்று ஆடுகள் முட்டி மோதித் தின்றன. நாலாவது நொண்டி ஆடு. அதை மற்றவை கிட்டே விடவில்லை.

மறுநாள் காலை அந்த மூன்றும் தீனியை முகரக்கூட இல்லை. மூத்த ஆடு கறுப்பி பல்லைக் கடித்தபடி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வயிறு தண்ணீர்ப் பைபோலத் தளதளத்தது. அழுத்திய கையைத் திருப்பித் தள்ளவே இல்லை.

“நெறையத் தின்னா நெறையக் கறக்கும்னு நெனச்சேன்,” என்றான் சோணை.

“கொஞ்சங் கொஞ்சமாத்தான் கூட்டணும். ஒரே நாள்ல கொட்டுனா வயிறு புளிச்சுப்போகும்.”

சிட்டாள் திட்டவில்லை, அதற்கு நேரமும் இல்லை. அவனைச் சுல்தான் கடைக்கு ஆப்பச்சோடா வாங்க அனுப்பிவிட்டு, நொண்டி ஆட்டைக் கறந்த செம்போடு ஆச்சியின் பெரிய வீட்டுக்கு நடந்தாள். அந்தப் பாலில் தண்ணீரைக் கூட்டி ஒப்பேற்றிவிடலாமா என்று வழியில் ஒரு நினைப்பு வந்தது. குழந்தையின் முகம் ஞாபகம் வந்ததும் அது போய்விட்டது.

“மூணு ஆட்டுப் பாலும் இன்னைக்குப் புள்ளைக்கு ஆகாது ஆச்சி. கறந்து கீழ ஊத்திட்டேன். இது ஒரு ஆட்டுப் பாலுதான்,” என்றாள்.

ஆச்சி செம்பையே பார்த்தார். “நான் அனுப்புன நொய்யாலயா?”

“நீக நல்லதுக்குத்தான் குடுத்தீக. அளவுதான் தப்பிப்போச்சு.”

மூன்று நாள் குழந்தைக்கு நொண்டி ஆட்டுப் பாலும், மீதிப் பசிக்கு வடிகட்டிய கஞ்சியும்தான். சிட்டாள் சோடாவை வெந்நீரில் கரைத்து, புரையேறாதபடி மூங்கில் குழாயால் சிறிது சிறிதாக ஆடுகளுக்குப் புகட்டினாள். காய்ந்த வைக்கோல் தவிர வேறு தீனி காட்டவில்லை. வயிற்றை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு ஆடுகள் மறுநாளே தேறிவிட்டன. மூன்றாம் நாள் பிற்பகல், வெயிலில் படுத்திருந்த கறுப்பி பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. பிறகு தாடை மெல்லப் பக்கவாட்டில் அசைந்தது. சோணை வேலிப் பக்கம் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அதே நொய்யைச் சிட்டாள் பிறகு ஆட்டுக்கொரு பிடியாக ஆரம்பித்தாள். சில நாளுக்கொரு முறை கூட்டினாள். உளுந்தம்பொட்டும் கருவேல நெற்றும் சேர்த்தாள். நக்குவதற்கு உப்புக்கட்டியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். சித்திரை வெயிலிலும் பால் ஒன்றரைப் பங்காயிற்று. முன்பு சிரித்தவர்கள், ஆடு தீனி எடுக்கவில்லை என்றால் இப்போது அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

இரண்டு வயதில் குழந்தை சோறும் பருப்பும் தின்னப் பழகி, ஆட்டுப்பாலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆச்சி சங்கடப்பட்டார். சிட்டாளுக்குச் சிரிப்புதான் வந்தது. அன்று சாயங்காலம் அந்தப் பாலைக் காய்ச்சிக் கருப்பட்டி போட்டுச் சோணைக்குக் கொடுத்தாள். இத்தனை நாளில் தன் வீட்டு ஆட்டுப்பாலை அவன் குடிப்பது அதுதான் முதல் தடவை.

கொஞ்சம் கவிச்சி அடிக்கிறது என்றான். குடித்து முடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டான்.